பேசக் கூடாத ஏப்ரன்

இந்தக் காலத்தில் ஒரு வேலையைச் செய்கிறவனைவிட, அந்த வேலையை எப்படிச் செய்ய வேண்டும் என்று போர்டு எழுதி மாட்டுகிறவனுக்குத்தான் மரியாதை. கை கழுவு என்று போர்டு இருக்கும், குழாயைத் திறந்தால் தண்ணீர் இருக்காது. பார்த்து நட என்று போர்டு இருக்கும், அதை அடித்திருக்கிற ஆணியில்தான் நம் சட்டை கிழியும். வாயைத் திறந்து ஒன்று கேட்டால் பதில் சொல்ல மாட்டார்கள், போர்டைக் காட்டுவார்கள். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். நான் ஒன்றைப் படித்து முடிப்பதற்குள் பக்கத்தில் இன்னொன்றை மாட்டிவிடுகிறார்கள்.

நான் லாரி ஓட்டின காலத்திலும் போர்டு இருந்தது. வளைவு என்று போட்டிருந்தால் அங்கே வளைவு இருந்தது. பள்ளம் என்று போட்டிருந்தால் பள்ளம் இருந்தது. அந்த நம்பிக்கையில்தான் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தேன். அங்கே சுவர் தெரியாத அளவுக்குப் போர்டு, எல்லாவற்றிலும் பாதுகாப்பு என்று எழுதியிருந்தது.

என் வீட்டுக்காரிக்குக் கணுக்காலில் வாசல் கேட்டின் தகரம் கிழித்துவிட்டது. சின்னக் கீறல்தான். கழுவித் துணியைச் சுற்றிக்கொண்டு வேலையைப் பார்த்தாள். ரெண்டொரு நாளில் கால் சிவந்து, பளபளவென்று வீங்கி, தொட்டால் அடுப்பைத் தொட்டது போல் சுட்டது. அப்புறம் குளிர் வந்தது. கட்டில் கிடுகிடுவென்று ஆடுகிற அளவுக்கு ஒரு நடுக்கம். "ஒண்ணும் இல்லங்க, போர்வை போதும்" என்று சொல்லிக்கொண்டே பல்லைக் கடித்தாள். வாழ்நாள் முழுக்க ஒன்றும் இல்லை என்றே சொல்லிப் பழகியவள் அவள். வண்டி பிடித்து அள்ளிப் போட்டுக்கொண்டு வந்தேன்.

கீழே அவசரப் பிரிவில் ஒரு சின்ன டாக்டரம்மா இருந்தார். வயசு என் பேத்தியைவிடக் கொஞ்சம் கூட இருக்கும். தூங்கி ரொம்ப நாளானது போல முகம். ஆனால் போர்டைப் பார்க்காமல் காலைப் பார்த்தார், குனிந்து, தொட்டுப் பார்த்தார். இதற்கு முன்னால் எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கிறதா, தடித்ததா, மூச்சு முட்டியதா என்று அவளிடமே கேட்டார். இல்லை என்றாள். கையில் நரம்பைத் தேடிப் பிளாஸ்டிக் குழாயைச் செருகினார். அப்புறம் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, சிவப்பு எங்கே முடிகிறதோ அந்த ஓரத்தில் காலைச் சுற்றி ஒரு கோடு போட்டார்.

"ஐயா, கிருமி தோலுக்கு உள்ள இறங்கிடுச்சு. மாத்திரைக்கு அடங்காது. நரம்பு வழியா மருந்து போகணும். வேளை தவறாமப் போகணும், நடுவுல விட்டா ரத்தத்துல ஏறிடும்."

"ஏறினா?"

"ஏற விடக் கூடாது. இந்தக் கோட்டைச் சிவப்பு தாண்டினாலோ, மருந்து போற கை வலிச்சாலோ வீங்கினாலோ, உடனே சொல்லுங்க."

யாரிடம் சொல்ல வேண்டும் என்று கேட்டேன். மேலே வார்டில் யாரிடம் வேண்டுமானாலும் சொல்லலாம் என்றார். பாவம், அவர் கீழேயே இருக்கிறவர். மேலே என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரியாது.

நோயாளியைச் சேர்க்கிற மேஜையில் ஒரு பெண் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து, அம்மாவின் பிறந்த தேதி என்ன என்றாள். தெரியாது என்றேன். கம்ப்யூட்டர் அதற்கு மேல் நகராது என்றாள். என் வீட்டுக்காரி பெஞ்சில் சுருண்டு கிடந்தாள். எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே தேதி நான் லைசென்ஸ் வாங்கின தேதி. அதைச் சொன்னேன். அதன்படி பார்த்தால் என் வீட்டுக்காரி என் மூத்த மகளுக்கு அக்காளாகத்தான் இருக்க முடியும். அந்தப் பெண் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. தேதியை ஒரு பட்டையில் அடித்து என் வீட்டுக்காரியின் மணிக்கட்டில் மாட்டினாள்.

வார்டில் அது பாதுகாப்பான மருந்து வாரமாம். கதவுக்குக் கதவு பலூன் கட்டியிருந்தார்கள். அதற்கென்று ஒரு அதிகாரி இருந்தார். சட்டையில் குடை போட்ட பேட்ஜ் குத்தியிருந்ததால் நான் அவரைக் குடைக்காரர் என்றுதான் நினைத்துக்கொள்வேன். ஆள் நல்ல மாதிரிதான், சத்தமாகப் பேச மாட்டார். சிரித்துக்கொண்டே சொல்வார்.

அவர்தான் எனக்கு ஏப்ரனை விளக்கினார். சிவப்புக் கலரில் ஒரு பிளாஸ்டிக் ஏப்ரன். முன்னாலும் பின்னாலும் "மருந்து நேரம். என்னிடம் பேசாதீர்கள்" என்று பெரிசாக எழுதியிருந்தது. நர்சுகள் மருந்து கலக்கும்போது யாராவது பேச்சுக் கொடுத்தால்தான் தப்பு நடக்கிறதாம், அதனால் ஏப்ரன். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. நானும் மலைப்பாதையில் வண்டி ஓட்டும்போது கிளீனரை வாயை மூடு என்று சொன்னவன்தான்.

"ஆனா ஐயா," என்றார், "மருந்து நேரம் எப்ப ஆரம்பிக்குது, எப்ப முடியுதுன்னு ஒரு குழப்பம் வந்துச்சு. குழப்பம் வந்தா பாதுகாப்பு போச்சு. அதனால டியூட்டி பூராவும் ஏப்ரனைக் கழட்டக் கூடாதுன்னு வெச்சுட்டோம்."

அப்படியானால் நர்சிடம் எப்போது பேசுவது என்று கேட்டேன். நல்ல கேள்வி என்று என் தோளைத் தட்டினார். தட்டிவிட்டு, அடுத்ததாக இரண்டாவது கண் என்பதை விளக்க ஆரம்பித்துவிட்டார். மருந்தை ஒருவர் பார்த்தால் போதாது, இருவர் பார்க்க வேண்டும். ஏப்ரன் போட்டவர் ரெண்டு விரலைத் தூக்கிக் காட்டினால், ஆஸ்பத்திரி ஊழியர் யாராக இருந்தாலும், எந்த வேலையில் இருந்தாலும், ஒரு வார்த்தை கேட்காமல் பின்னால் போக வேண்டும். பெரிய டாக்டருக்கும் அதே சட்டம்தான்.

வார்டு நர்ஸ் வந்தார். நல்ல கைகள், பதமாகத் தொட்டார். தப்பாகச் சொல்ல மாட்டேன். என் வீட்டுக்காரியிடம் பெயர் கேட்டார், சொன்னாள். பிறந்த தேதி கேட்டார்.

"அது யாருக்குத் தெரியும், மழைக்காலம்னு எங்க அம்மா சொல்லும்" என்றாள்.

நர்ஸ் பட்டையைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார், மருந்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நோயாளியின் வாயிலிருந்து வருவதும் பட்டையில் இருப்பதும் ஒத்துப்போக வேண்டுமாம். நான் பின்னாலேயே ஓடினேன். அவர் முதுகைத் திருப்பி எழுத்தைக் காட்டினார். முதுகிலும் எழுதியிருப்பதன் பயன் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

வேறு வழி இல்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவளுக்கு அவள் பிறந்த தேதியைச் சொல்லிக் கொடுத்தேன். காய்ச்சலில் கண் செருகுகிறது, உதடு வெடித்திருக்கிறது. சொல்லு, சொல்லு என்று உலுக்குகிறேன். மாதத்தைச் சொன்னால் வருஷத்தை மறக்கிறாள். வருஷத்தைச் சொன்னால் மாதத்தை மறக்கிறாள்.

"இந்தத் தேதிய எங்கயோ கேட்டிருக்கேனே" என்றாள்.

"என் லைசென்ஸ்."

"அப்ப நான் பொறந்தப்ப நீங்க லாரி ஓட்டிக்கிட்டு இருந்தீங்களா?"

"ஆமா. சொல்லு."

"இவ்வளவு வயசு வித்தியாசம்னு தெரிஞ்சிருந்தா வேணாம்னு சொல்லியிருப்பேன்" என்றாள். சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு நடுக்கமாக மாறிவிட்டது.

மறுபடி நர்ஸ் வந்தபோது தப்பில்லாமல் ஒப்பித்துவிட்டாள். நர்ஸ் மருந்தைக் கலக்கி எடுத்துக்கொண்டு வந்து, இரண்டாவது கண்ணுக்காக ரெண்டு விரலைத் தூக்கினார். வார்டில் ஊழியர் யாரும் இல்லை. எல்லாரும் கீழே கூடத்துக்குப் போயிருந்தார்கள். யாராவது ரெண்டு விரலைத் தூக்கினால் எப்படி உடனே ஓடிவருவது என்று அங்கே ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. நர்ஸ் கையைத் தூக்கியபடி நின்றார். கை வலித்ததும் இன்னொரு கையால் அதைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார். பக்கத்துப் படுக்கையில் மாமியாரைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த ஒரு மருமகள் என்னிடம் மெதுவாக, "இந்தம்மா ஏதோ பாத்ரூம் போகப் பர்மிஷன் கேக்கறாங்க போல" என்றாள்.

ஒத்திகை முடிந்து ஆட்கள் வந்தபோது, கலக்கிய மருந்துக்கு நேரமாகிவிட்டது என்று அதைக் கொட்டினார்கள். பாதுகாப்புக்காகத்தான். புதிதாகக் கலக்கிப் போட்டபோது விளக்கு வைத்துவிட்டார்கள். எப்படியோ முதல் டோஸ் இறங்கியது. அன்றைக்குச் சிவப்பு கோட்டுக்குள்ளேதான் இருந்தது. எனக்குக் கொஞ்சம் உயிர் வந்தது.

மறுநாள் காலையில் அந்த நிம்மதி போய்விட்டது.

டோஸ் போட்டுவிட்டு நர்ஸ் நகர்ந்ததும் அவள் முனக ஆரம்பித்தாள். எரியுது என்றாள். கையைப் பார்த்தேன். குழாய் செருகின இடத்தில் புறங்கை மேடு தட்டிக்கொண்டு வந்தது. பார்க்கப் பார்க்க, ரப்பர் கையுறைக்குள் காற்றடித்த மாதிரி விரல் வரைக்கும் உப்பிவிட்டது. மருந்து நரம்பில் போகாமல் சதைக்குள் இறங்குகிறது. இதற்குப் படிப்பு வேண்டாம், பார்த்தாலே தெரியும். கட்டில் பக்கத்தில் மருந்தைக் குழாயில் தள்ளுகிற மிஷினும் கீங் கீங் என்று கத்த ஆரம்பித்தது. அதற்கும் தெரிந்துவிட்டது.

நர்ஸ் திரும்பி வந்தார். "சிஸ்டர், கை" என்றேன். அவர் என்னைப் பார்க்காமல் நெஞ்சில் இருந்த எழுத்தைத் தொட்டுக் காட்டினார். மிஷினில் ஒரு பட்டனை அமுக்கினார். சத்தம் நின்றது, அவர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் மிஷின் மறுபடி கத்தியது. இந்தத் தடவை குடைக்காரரே வந்து அமுக்கினார். இது மௌன வார்டு என்றும், நோயாளிகளுக்கு அமைதி ரொம்ப முக்கியம் என்றும், போன வருஷம் அதற்காகக் கேடயம் வாங்கினோம் என்றும் சொன்னார்.

"சார், மருந்து உள்ள போகல, சதையில தேங்குது. கையப் பாருங்க."

"நான் நிர்வாகம் ஐயா. கையெல்லாம் பார்க்கக் கூடாது. நர்ஸ் கிட்ட சொல்லுங்க."

"நர்ஸ் கிட்டதான் பேசக் கூடாதே."

"கரெக்ட்" என்றார். நான் பாடத்தைச் சரியாகப் படித்துவிட்டதில் அவருக்கு உண்மையிலேயே சந்தோஷம்.

தரை துடைக்கிற அம்மாவிடம் சொன்னேன். அவர் கையை எட்டிப் பார்த்து, ஐயோ என்று முகத்தைச் சுளித்தார். தான் சொன்னால் தன் வேலை போய்விடும் என்றார். போன மாதம் இன்னொருத்தி ஏப்ரன்காரம்மாவிடம் பேசிவிட்டு, இப்போது துணி துவைக்கிற கட்டிடத்தில் கிடக்கிறாளாம். வாசலில் கருத்துப் பெட்டி இருக்கிறது, வாரம் முடிந்ததும் திறப்பார்கள் என்றும் சொன்னார்.

மருந்துப் பை காலியானது. அத்தனையும் அந்தக் கைக்குள்தான் போனது. நர்ஸ் வந்து காலிப் பையைக் கழற்றினார். அவர்கள் கணக்கில் அந்த வேளை மருந்து போட்டாகிவிட்டது.

மத்தியானம் போர்வையை விலக்கிக் காலைப் பார்த்தேன். சிவப்பு கோட்டைத் தாண்டியிருந்தது. கோடு ஆற்றுக்குள் முங்கின கரை மாதிரி உள்ளே கிடந்தது. வாய் பேசக் கூடாது, சரி, கண் பார்க்கலாம் அல்லவா. நர்சின் வழியை மறித்து நின்று, போர்வையைத் தூக்கிக் காலைக் காட்டினேன். பார்த்தார். அவருக்கும் முகம் மாறியது, அதை நான் மறைக்க மாட்டேன். பேனாவை எடுத்தார். சிவப்பு இப்போது எங்கே முடிகிறதோ அங்கே புதிதாக ஒரு கோடு போட்டார். பழைய கோட்டைப் பஞ்சால் அழித்தார்.

அந்தப் பக்கம் வந்த குடைக்காரர் குனிந்து பார்த்தார். "அருமை. கோட்டுக்குள்ளேயே இருக்கு" என்றார்.

அதற்கப்புறம் எனக்கு யார் மேலேயும் நம்பிக்கை இல்லை. கீழே அந்தச் சின்ன டாக்டரம்மாவைத் தேடிப் போனேன். அவசரப் பிரிவு வாசலில் நின்ற காவலாளி, உள்ளே போக நோயாளியாக இருக்க வேண்டும் என்றான். எனக்கு என்ன வியாதி என்று கேட்டான். ஒன்றும் இல்லை என்றேன். அப்படியானால் போங்க என்றான். நான் திரும்பி வந்தபோது என் வீட்டுக்காரி என்னை அடையாளம் தெரியாமல் பார்த்தாள்.

"வண்டி எப்ப எடுப்பீங்க?" என்றாள்.

"எந்த வண்டி?"

"லோடு ஏத்தியாச்சு இல்ல. புள்ளைங்க தூங்கிருச்சு. எடுங்க, போயிடலாம்."

பிள்ளைகள் சின்னதாக இருந்தபோது லீவு நாளில் அவளையும் அவர்களையும் கேபினில் ஏற்றிக்கொண்டு போவேன். அந்த நாளில் இருந்தாள். கையைப் பிடித்தால் ஒரு கை நெருப்பு, இன்னொரு கை உப்பி, விரல் மடங்கவில்லை. மூச்சு வேக வேகமாக வந்தது. கிருமி ரத்தத்தில் ஏறினால் என்ன ஆகும் என்று டாக்டரம்மா சொல்லாமல் விட்டாரே, அதை அவள் முகத்திலேயே படித்தேன். இந்த எழுத்தைக் கூட்டிப் படிக்கத் தேவைப்படவில்லை.

அந்த நேரம் பார்த்து வேறு ஆஸ்பத்திரிகளிலிருந்து விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு குடைக்காரர் வந்தார். எல்லாரும் கையில் பூங்கொத்தும் பைலும் வைத்திருந்தார்கள். என் வீட்டுக்காரியின் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். ஜன்னல் பக்கம் வெளிச்சம் நன்றாக இருந்ததால் போட்டோவுக்கு அந்தக் கட்டில்தான் தோது. அவர் பேசினார்.

"நம்ம வார்டுல போன வருஷம் பூரா ஒரு மருந்துத் தப்புகூடக் கிடையாது. எப்படின்னு எல்லாரும் கேக்கறாங்க. ரகசியம் ஒண்ணும் இல்ல. மருந்து கொடுத்தாதான் தப்பு நடக்கும். அதனால கொடுக்கறதுக்கு முன்னால எத்தனை இடத்துல நிறுத்த முடியுமோ அத்தனை இடத்துல நிறுத்தறோம். அதையும் தாண்டி ஒரு மருந்து நோயாளிகிட்ட போய்ச் சேர்ந்துச்சுன்னா, அது அவ்வளவு பாதுகாப்பான மருந்துன்னு அர்த்தம். அப்புறம் புகார். முன்னெல்லாம் இந்த வார்டுல ஓயாம புகார் வரும். ஏப்ரன் வந்த பிறகு ஒரு புகார்கூட யாரும் சொல்லல. இந்த அம்மாவையே பாருங்க. எவ்வளவு அமைதி."

அந்த அம்மா அமைதியாகத்தான் இருந்தாள். கண் மேலே போயிருந்தது. விருந்தாளிகள் தலையாட்டினார்கள். ஒருவர் போட்டோ எடுத்தார். வீங்கின கை படத்தில் விழக் கூடாதென்று யாரோ போர்வையை இழுத்துவிட்டார்கள்.

நான் கத்தியிருக்கலாம். கத்தினால் காவலாளி வருவான், வெளியே தள்ளுவான், அப்புறம் அவளுக்கு யார் இருக்கிறார்கள். வார்டுக்கு வெளியே ஆணியில் இன்னொரு சிவப்பு ஏப்ரன் தொங்கிக்கொண்டிருந்தது. அடுத்த டியூட்டிக்காரருக்கு வைத்தது. எடுத்தேன், கழுத்தில் மாட்டினேன், பின்னால் கயிற்றை எட்டிக் கட்ட வரவில்லை. பக்கத்துப் படுக்கை மருமகள் வந்து ஒன்றும் கேட்காமல் முடிச்சுப் போட்டாள்.

நரைத்த மீசை, சவரம் செய்யாத முகம், கட்டம் போட்ட சட்டை, காலில் தேய்ந்த செருப்பு, அதற்கு மேல் ஏப்ரன். நடந்தேன். கட்டிலைச் சுற்றி நின்ற கூட்டம் விலகியது. குடைக்காரர் என்னைப் பார்த்தார், நேராக என் முகத்தைத்தான் பார்த்தார். வாயில் விரலை வைத்து விருந்தாளிகளைப் பார்த்து, "யாரும் பேசாதீங்க. மருந்து போகுது" என்று கிசுகிசுத்தார். விருந்தாளிகள் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டார்கள். லிப்டில் நின்றவர்கள் இறங்கி எனக்கு இடம் விட்டார்கள். கீழே அவசரப் பிரிவு வாசலில் அதே காவலாளி எழுந்து கதவைத் திறந்து பிடித்தான்.

சின்ன டாக்டரம்மா ஒரு பையனுக்குக் கட்டுப் போட்டு முடித்துக்கொண்டிருந்தார். அவர் எதிரில் போய் ரெண்டு விரலைத் தூக்கினேன். நிமிர்ந்தார். எழுத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அடையாளம் தெரிந்துவிட்டது.

"கோட்டைத் தாண்டிடுச்சா?" என்றார்.

ஆஸ்பத்திரிக்காரர்களில் ஏப்ரனிடம் வாயைத் திறந்து பேசி நான் பார்த்த முதல் ஆள் அவர்தான். நான் தலையை ஆட்டினேன். ஓடினார். நான் பின்னால் ஓடினேன், செருப்பு எங்கேயோ கழன்றுகொண்டது.

மேலே வந்ததும் முதலில் அந்தக் கையைப் பார்த்தார். குழாயைப் பிடுங்கி எறிந்தார். கையை உயர்த்தித் தலையணை மேல் வைத்தார். வார்டு நர்சைப் பார்த்து, ஏப்ரனைக் கழற்றுங்கள், வந்து உதவி செய்யுங்கள் என்றார். நர்ஸ் குடைக்காரரைப் பார்த்தார். அப்புறம் கழற்றினார். ஏப்ரன் போனதும் அந்த அம்மா வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை, "காலையிலேயே பார்த்தேன் டாக்டர்" என்பதுதான். அழுதுவிட்டார். அவரை நான் திட்டவில்லை. ஆனால் மன்னிக்கவும் இல்லை.

இன்னொரு கையில், முழங்கைக்குக் கீழே நல்ல நரம்பாகப் பார்த்து டாக்டரம்மா புதுக் குழாய் செருகினார். முதலில் வெறும் உப்புத் தண்ணீரைத் தள்ளி, வீங்குகிறதா என்று விரலால் தடவிப் பார்த்தார். மருந்துப் பாட்டிலின் பெயரை வாய்விட்டுப் படித்தார். நர்சும் படித்தார். அவ்வளவுதான் இரண்டாவது கண். மணிக்கட்டுப் பட்டையைப் பார்த்ததும் புருவம் தூக்கினார்.

"இந்தத் தேதி சரியா இருக்காதே?"

"என் லைசென்ஸ் தேதிங்க."

"தெரியலன்னா தெரியலன்னு சொல்லலாம் ஐயா. பட்டையில நம்பர் இருக்கு, அதை வெச்சுப் பார்த்துக்குவோம். ஆள் மாறிடக் கூடாதுன்னுதான் கேக்கறது. உங்களைப் பரீட்சை வைக்க இல்ல."

மருந்தை மெதுவாக விட்டார். விட்டுவிட்டுப் போகவில்லை. கட்டில் ஓரத்திலேயே உட்கார்ந்து, அம்மா, அரிக்குதா, நெஞ்சு அடைக்குதா, கை எரியுதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே இருந்தார். அவள் கண்ணைத் திறக்காமலே, "இல்ல, இல்ல" என்றாள். ஒரு தடவை, "நீ யாரு கண்ணு?" என்றாள். டாக்டரம்மா தன் பெயரைச் சொன்னார். அந்த வார்டில் ஒருத்தர் தன் பெயரைச் சொல்லி நான் கேட்டது அப்போதுதான். மிஷின் ஒரு தடவை கத்தியது. டாக்டரம்மா எழுந்து, பட்டனை அமுக்கவில்லை, குழாயைப் பார்த்தார். மடங்கியிருந்தது. நேராக்கினார், சத்தம் தானாக நின்றது.

காய்ச்சல் உடனே விடவில்லை. ராத்திரியும் பகலுமாக ஒருமாதிரி இழுத்துக்கொண்டு கிடந்தாள். பிறகு ஒரு காலையில் என் சட்டையைப் பார்த்து, "இதத் துவைச்சு எத்தன நாளாச்சு?" என்றாள். அப்போதுதான் நான் வெளியே போய் முகம் கழுவினேன், தண்ணீர் வந்தது. காலில் சிவப்பு இறங்க ஆரம்பித்தது. ஆனால் வீங்கின கையில் தோல் கறுத்து, உரிந்து, புறங்கையில் ஒரு பள்ளம் விழுந்துவிட்டது. விரல் இரண்டு இன்னும் முழுசாக மடங்கவில்லை. மடங்குமா என்று கேட்டால் பார்க்கலாம் என்கிறார்கள்.

வாரம் முடிந்த அன்று கீழே கூடத்துக்கு என்னை வரச் சொன்னார்கள். தண்டனை கொடுக்கத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துப் போனேன். மேடையில் எனக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். குடைக்காரர் மைக்கைப் பிடித்தார். ஏப்ரன் திட்டம் எதிர்பார்த்ததைவிடப் பெரிய வெற்றி என்றார். படிப்பறிவு இல்லாத ஒரு முதியவர்கூட அதை அணிந்த மாத்திரத்தில் ஒரு நோயாளிக்குச் சரியான நேரத்தில் மருந்து போய்ச் சேர்ந்திருக்கிறது, ஆகவே வருகிற மாதத்திலிருந்து நோயாளிகளின் உறவினர் எல்லாருக்கும் ஏப்ரன் கட்டாயம் என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். எனக்குப் புதிய ஏப்ரன் ஒன்றை மாட்டிவிட்டு, இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள்.

மைக்குக்கு முன்னால் நின்றேன். எனக்கு மேடையில் பேசத் தெரியாது. ஒரே ஒரு விஷயம்தான் கேட்க வேண்டியிருந்தது.

"அவ கை வீணாப் போச்சே, அதை எந்தத் தப்புல சேர்த்தீங்க?"

குடைக்காரர் கோபப்படவில்லை. வழக்கம் போலச் சிரித்துக்கொண்டேதான் விளக்கினார்.

"அது மருந்துத் தப்பு இல்ல ஐயா. சரியான மருந்து, சரியான அளவு, சரியான ஆள், சரியான நேரம். கொடுத்தாச்சு. கொடுத்தது உடம்புக்குள்ள எங்க போச்சுங்கறது வேற பிரிவு."

முன் வரிசையில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். ஒருவர் எழுதிக்கொண்டார். அவர்கள் எல்லாரும் படித்தவர்கள். எனக்குப் புரியாதது ஏதாவது அதில் இருக்கும் என்று இன்றைக்கும் யோசித்துப் பார்க்கிறேன். அகப்படவில்லை.

ஏப்ரனைக் கழற்றி நாற்காலி மேல் போட்டேன். இன்னும் பொன்னாடை இருக்கிறது, உட்காருங்கள் என்று யாரோ கையைப் பிடித்தார்கள். விடுவித்துக்கொண்டு இறங்கி, கூடத்தின் நடுவழியாக நடந்தேன். அவளுக்கு அடுத்த வேளை மருந்து போடுகிற நேரம். நான் பக்கத்தில் உட்கார்ந்து மருந்து போகிற கையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.